ஊரே ஒத்துக்கொண்ட வளையம்

பணி ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் ரயில்வேயா, மின்வாரியமா என்று கேட்கிறார்கள். டி.பி. என்று பதில் சொன்னால் பரிதாபமாகப் பார்த்து, "இப்ப சளி, இருமல் எல்லாம் பரவாயில்லையா?" என்கிறார்கள். அந்த டி.பி. இல்லை. கைப்பேசியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் உருண்டையாக ஒரு முகம் தெரிகிறதே, அது. அந்த முகத்தைச் சுற்றி ரோஜாப்பூ, மயில்தோகை, மின்னல், தேவைப்பட்டால் சிங்கம் ஆகியவற்றை ஒட்டிக் கொடுப்பது என் தொழிலாக இருந்தது. இதற்கெல்லாம் ஒரு ஆள் வேலை பார்த்தானா என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. என் மாமனார் கடைசிவரை அப்படித்தான் நினைத்தார்.

இப்போது அந்த வேலையைக் கைப்பேசியே செய்கிறது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் பவானி போன வாரம் கேட்டாள்: "அண்ணே, ஒரு அமுக்கு அமுக்குனா சிறகு முளைச்சுருது. நீங்க அந்தக் காலத்துல ஒரு டி.பி.யை வச்சுக்கிட்டு முழு நாளும் என்னதான் செஞ்சீக?" அவள் கேட்டது கிண்டலுக்குத்தான். ஆனால் ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்பது ஆபத்து. இதோ பதில்.

முதலில் நான் ஓவியன். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்தேன். என் புலிகள் எல்லாவற்றுக்கும் எங்கள் பெரியப்பாவின் சாயல் இருக்கும். வாங்குகிறவர்கள் வெடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிப் போடுவதால் பெரியப்பாவுக்குத் தெரியாமலேயே போனது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி என்னை விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் படிக்க அனுப்பினார். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் வயதில் பாதி, பொறுமை இரண்டு மடங்கு. அவர் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் மனதில் நிற்கிறது: "சார், திரையில சாம்பலும் வெள்ளையுமா குட்டிக் குட்டிக் கட்டம் தெரிஞ்சா, அந்த இடத்துல ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். அது படம் இல்ல, வெறும் காலி." இதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திருவிழாவே பிற்பாடு இதை நம்பி நின்றது.

அச்சகத்தை விட்டு நான் சாத்தூருக்கு வந்தது அண்ணாச்சியிடம். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் கடை. கீழே காராச்சேவு போடுகிற எண்ணெய் வாசம், மேலே நாங்கள். அண்ணாச்சியும் பழைய அச்சகத்து ஆள்தான். அச்சான தாளில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் சின்ன லென்ஸ் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அதைத் திரையில் ஒட்டவைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். திரையில் லென்ஸ் வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மின்னுகிற கம்பிகளைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆனாலும் வைத்துப் பார்த்துவிட்டு, புள்ளி சரியாக நிற்கிறது என்ற அர்த்தத்தில், "ம்ம், புள்ளி நிக்கி" என்பார். அவர் "நிக்கி" என்று சொல்லாத படம் கடையை விட்டு இறங்காது.

வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன். முகத்தை வெட்டி எடுப்பது முதல் வேலை. தோள் சுலபம், காது நடுத்தரம், முடிதான் தொழில். தலைமுடியை ஒழுங்காக வெட்டத் தெரியாதவன் வெட்டினால் ஆள் முட்டைகோஸ் மாதிரி இருப்பார். அடுத்தது உருண்டை. கைப்பேசி நான்கு மூலைகளையும் கடித்துத் தின்றுவிடும் என்பதால் முக்கியமான எதையும் ஓரத்தில் வைக்கக் கூடாது. ஒரு வட்டச் செயலாளருடைய கட்சித் தலைவரை மூலையில் வைத்துவிட்டு நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. அதற்கு மேல் வளையம். வளையத்தின் மேல் பூவோ பொறியோ. கடைசியில் அண்ணாச்சியின் பரீட்சை: செல்லாத பத்துப் பைசா ஒன்றை எடுத்துத் திரையில் வைப்பார். "டி.பி.ங்கிறது இம்புட்டுத்தாம்லே. இதுக்குள்ள ஆளு தெரியணும், பூ தெரியணும், கெத்து தெரியணும்." படத்தை அந்த நாணயத்தின் அளவுக்குச் சுருக்கிக் காட்ட வேண்டும். ஆளும் பூவும் பெரும்பாலும் தெரியாது. கெத்து தெரியும்.

அவருடைய இன்னொரு வழக்கம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். வாடிக்கையாளருக்கு மாதிரி காட்டுவதற்குப் படத்தை முறையாக அனுப்ப மாட்டார். அப்படி அனுப்பினால் அதையே டி.பி.யாக வைத்துக்கொண்டு ஆள் கம்பி நீட்டிவிடுவான் என்பது அவருடைய சித்தாந்தம். ஆகவே தன் கைப்பேசியால் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புவார். நான் வேலையில் பாதியில் இருந்தாலும் சரி, தோளுக்கு மேலாகக் கை வரும், கிளிக், போய்விடும். ஒரு மணப்பெண்ணின் வீட்டுக்குக் கழுத்து இல்லாத மணப்பெண் போனது அப்படித்தான்.

கலர் சங்கதிக்கு வருவோம். புத்தகத்தில் இருக்கும் கலர் சாஸ்திரம் வேறு, எங்கள் பக்கத்துக் கலர் சாஸ்திரம் வேறு. எங்கள் பக்கம் இரண்டு கலரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது அழகா என்று யாரும் பார்ப்பதில்லை, யாருடையது என்றுதான் பார்ப்பார்கள். கைக்கயிறு, கல்யாணப் பந்தல், கபடி டீம் பனியன், மாட்டுக் கொம்பு எல்லாவற்றுக்கும் பட்டா இருக்கிறது. அண்ணாச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், "கலரைத் தொடுறதுக்கு முன்னால ஊரக் கேளு, ஊருக்கப்புறம் தெருவக் கேளு. தெருவச் சொல்லாட்டி ரோஸ் போடு."

இந்தப் பாடம் செல்லாமல் போனது ஓர் ஊரின் அம்மன் கோவில் பொங்கலில். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் கடைசியில் தெரியும். சாத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோ போகிற தூரம். நிலம் வைத்திருப்பவர்கள் மேலத்தெரு. முன்னொரு காலத்தில் அந்த நிலத்தில் வேலை பார்த்து, இப்போது பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிறவர்கள் கீழத்தெரு. கோவில் ஒன்று, அம்மன் ஒன்று. அதுவே பாதிப் பிரச்சினை.

முந்தின வருஷம் பிளெக்ஸ் போர்டு வைப்பதில் அடிதடி. ஆகவே இந்த வருஷம் போர்டே கிடையாது என்று சமாதானக் கூட்டத்தில் முடிவானது. இரண்டு தெருவும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், ஆளுக்கொரு கலரில் வளையம் போட்டு டி.பி. வைத்துக்கொண்டார்கள். போர்டு சுவரில் இருந்தால் சுவரோடு போயிருக்கும். டி.பி. ஒவ்வொருவர் பையிலும் போனது. 'எங்க ஆத்தா' என்று ஒரு தெரு எழுத, 'யாருக்கு ஆத்தா' என்று மறு தெரு கேட்க, இன்ஸ்பெக்டர் இரண்டு தெரு ஆட்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: ஊர் முழுக்க ஒரே வளையம், இல்லையென்றால் அனுமதி இல்லை, பொங்கல் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் படம் அவர் கைக்கு வர வேண்டும்.

அதற்குள் ஊரில் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினால் பொங்கல் முடிகிறவரை யாரும் எல்லை தாண்டி ராத் தங்கக் கூடாது. நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சள் சேலையோடும் விரதத்தோடும் இருக்க வேண்டும். அப்படி மஞ்சள் சேலையில் எங்கள் மாடிப்படி ஏறி வந்தவள்தான் கீழத்தெரு மாரியம்மாள். மத்தாப்புக் கம்பெனியில் வேலை. அவள் மகன் வேல்முருகன் வேறொரு கம்பெனியில் வெடிமருந்து பற்றிக்கொண்டதில் வலது கை வெந்து, விரல்கள் ஒட்டிப்போய், ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவன். அந்தக் கை திரும்பக் கிடைத்தால் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று அவள் நேர்ந்திருந்தாள். கை திரும்பியது. இப்போது சட்டி நின்றுவிடும் போலிருந்தது.

"அண்ணே, கலர் முடிவாயிருச்சா?" என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இன்னும் இல்ல தாயி. ரெண்டு தெரு ஆளுகளும் வந்துக்கிட்டு இருக்காக."

"ஆத்தா குடுத்துட்டா. நான் திருப்பிக் குடுக்கணும்லண்ணே. இவுக கலரு பாத்து முடிக்கிறதுக்குள்ள காப்ப அவுக்கச் சொல்லிட்டாகன்னா, கையில கட்டுன இந்த மஞ்சளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

காராச்சேவு வாங்கி வரச் சொல்லலாம் என்றால் அவள் விரதம்.

அன்றிலிருந்து கம்பெனி வண்டி சாத்தூரில் இறக்கிவிட்டதும் தினமும் மாடி ஏறி வந்தாள். கேட்பாள், உட்காருவாள், பொழுது சாய்வதற்குள் ஆட்டோ பிடித்து ஊருக்குள் போய்விடுவாள்.

பிரதிநிதிகள் இரண்டு பேர். மேலத்தெருவுக்கு ராமசாமி, கீழத்தெருவுக்குக் கருப்பசாமி. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அதனால் ஒருவரை ஒருவர் மரியாதையே இல்லாமல் பேசிக்கொள்ளும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது. ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நான் கலரைத் திரையில் காட்டக் காட்ட, இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள்.

சிவப்பு, அவர்கள். பச்சை, இவர்கள். மஞ்சள் அம்மனுக்கு உரியது, ஆனால் எந்த மஞ்சள் என்பதில் வழக்கு. நீலம் ஒரு கட்சி, கருநீலம் இன்னொரு கட்சி. காவி போட்டால் மூன்றாவதாக ஒருவன் உள்ளே வருவான். கறுப்பு கோவிலுக்கு ஆகாது. வெள்ளை போட்டால் ஊரே தாலி அறுத்த மாதிரி இருக்கும். அண்ணாச்சியின் கடைசி ஆயுதமான ரோஸைக் காட்டினேன்.

"எங்க தாத்தா மீசைக்கு ரோஸ் வளையமா?" என்றார் ராமசாமி.

"ஒங்க தாத்தாவே போய்ச் சேந்துட்டாரு. அவருக்கு எதுக்குலே டி.பி.?" என்றார் கருப்பசாமி.

"ஊதா?" என்றேன்.

"பக்கத்து ஊர்க்காரன் கொடி" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதுவரைக்கும் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "எல்லாக் கலரும் போட்டுருவோம். வானவில்லு. யாரும் குத்தம் சொல்ல முடியாது."

"மேல எந்தக் கலர் வரும்?" என்று கேட்டார் கருப்பசாமி.

"வளையத்துல ஏது மேல கீழ?"

"கடியாரத்துல பன்னெண்டு இருக்கிற எடம் மேலதான் அண்ணாச்சி. அங்கன யாரு கலரு?"

வானவில்லும் போனது. கடைசியாக அண்ணாச்சி வெள்ளி நிறம் என்றார். மத்தாப்பு மருந்தில் போடுகிற வெள்ளிப் பொடி மாதிரி மினுக்கலாம், ஊருக்கும் பொருத்தம் என்றார். கருப்பசாமி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். ரேகைகளில் இன்னும் வெள்ளி மின்னியது. "நாள் பூராம் அதுலதான் குளிக்கோம். சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு வீட்டுக்குப் போறோம். டி.பி.லயும் அதேவா? போங்க அண்ணாச்சி."

இருவரும் தேநீர் குடிக்கக் கீழே போனார்கள். தனித்தனிக் கடைக்கு.

மாரியம்மாள் ஸ்டூலில் அப்படியே இருந்தாள். மறுநாள் வெள்ளி. நான் வெள்ளி நிறத்தை அழித்துவிட்டேன். அம்மனின் சின்ன முகம் மேலே, கோவில் பெயர் கீழே, நடுவில் மாதிரிக்கு யாரோ ஒருவருடைய முகம், வளையம் இருந்த இடத்தில் வெறும் காலி. அதாவது, கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி அங்கே சாம்பலும் வெள்ளையுமாகக் குட்டிக் கட்டங்களைக் காட்டிக்கொண்டிருந்தது. அடுத்து எந்தக் கலரைக் கொட்டுவது என்று நான் மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. கிளிக்.

"அண்ணாச்சி, அதுல இன்னும் வளையமே போடல!"

"போயிருச்சுலே" என்றார். "ரெண்டு பேருக்கும் அனுப்பிட்டேன். வெள்ளிதானே அது? ஏதோ கட்டங்கட்டமா மினுங்குது."

லென்ஸ் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

நான் படியில் இறங்கி ஓடலாமா என்று யோசிப்பதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஏறி வந்தார்கள், சேர்ந்து. அதுவே பயமாக இருந்தது.

"இது நல்லா இருக்கே" என்றார் ராமசாமி.

"எது?"

"இந்தக் கட்டம் போட்டது. புது டிசைனா? டீசன்ட்டா இருக்கு. இவன் கலரும் இல்ல."

"ஒங் கலரும் இல்ல" என்றார் கருப்பசாமி. "எந்தக் கட்சியும் இல்ல. நான் நல்லா உத்துப் பாத்துட்டேன். இதுல குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி."

ஒன்றுமே இல்லைதான். அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஸ்டூலிலிருந்து மாரியம்மாள் எழுந்து நின்றிருந்தாள். இரண்டு தெருவையும் மாறி மாறிப் பார்த்த அவள் முகத்தை நானும் பார்த்தேன். திறந்த வாயால், "வடநாட்டு டிசைன்" என்றேன். என் கலை வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பயனுள்ள பொய் அது.

பிறகுதான் உண்மையான வேலை. கம்ப்யூட்டர் சும்மா காட்டுகிற கட்டம் கைப்பேசிக்குப் போனால் மறைந்துவிடும். ஆகவே இல்லாத வளையத்தை நான் கையால் வரைய வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கட்டமாகச் சாம்பல், வெள்ளை, சாம்பல், வெள்ளை. புலி வரைந்த கை இது. எந்தப் புலிக்கும் நான் இவ்வளவு கவனம் எடுத்ததில்லை. முடித்ததும் அண்ணாச்சி பத்துப் பைசாவை எடுத்து வைத்தார்.

"கட்டம் தெரியலையேலே. பெருசாக்கு."

இல்லாததைப் பெரிசாக்கினேன். லென்ஸை வைத்துப் பார்த்தார். "ம்ம், புள்ளி நிக்கி."

இன்ஸ்பெக்டரிடமிருந்து கட்டைவிரல் வந்தது. 'பார்டர் நன்று' என்று ஒரு வரியும் வந்தது. அந்த வாரம் ஊரே எங்கள் மாடியில் ஏறியது. மீசைகள், மூக்குத்திகள், பல் இல்லாத வாய்கள் எல்லாவற்றையும் ஒன்றுமில்லாத வளையத்துக்குள் உட்கார வைத்தேன். இரண்டு தெருவும் ஒரே வரிசையில் நின்றது, ஏனென்றால் எங்கள் மாடிப்படி ஒருவர் ஏறும் அகலம்தான்.

பொங்கலன்று நானும் போனேன். வேல்முருகன் அம்மாவின் முன்னால் நின்று, அவளுடைய உள்ளங்கைகளில் வேப்பிலையைப் பரப்பினான். வலது கையால்தான். இரண்டு விரல் முழுதாக மடங்காது. இலை கொஞ்சம் கீழே விழுந்தது, குனிந்து அவனே பொறுக்கி வைத்தான். பூசாரி சட்டியைத் தூக்கி வைத்தார். தீ எழும்பியது. மாரியம்மாள் தெருவைத் தாண்டி நடந்தாள், மேலத்தெருவிலும் வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்தார்கள். நான் எழுதுவது நகைச்சுவைக் கட்டுரை என்பதால் இந்த இடத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

அடுத்த வருஷம் கட்டம் ஊரின் சொத்தாகிவிட்டது. இளவட்டங்களின் பனியனில் கட்டம், கோவில் நுழைவு வளைவில் கட்டம், தண்ணீர்த் தொட்டியில் கட்டம். அதற்கடுத்த வருஷம் ராமசாமி தனியாக வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்தச் சாம்பல் கட்டம் எங்க தெருவுதுன்னு பேச்சு. பன்னெண்டு மணி எடத்துல அது வர்ற மாதிரி லேசாத் திருப்பி வச்சுருங்க." அவர் போன சூடு ஆறவில்லை, கருப்பசாமி வந்தார். வெள்ளைக் கட்டத்தை ஒரு நூல் பெரிசாக்க முடியுமா என்று கேட்டார்.

அந்த வாரம்தான் அண்ணாச்சியிடம் ஓய்வு கேட்டேன். கண்ணில் புரை என்று காரணம் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அதுவே முழுக் காரணமும் இல்லை.

கடைசி நாளில் மாரியம்மாள் மகனோடு வந்தாள். சட்டி எடுத்த அன்று யாரோ எடுத்த போட்டோ, அவளும் தீயும் வேல்முருகனும். அதை டி.பி. ஆக்க வேண்டும். பழக்க தோஷத்தில் ஊர் வளையத்தைப் போட்டுத் திரையைக் காட்டினேன்.

"வளையம் வேண்டாம்ணே. இந்தக் கட்டத்தையும் பங்கு போட ஆரம்பிச்சுட்டாக. வெறும் படம் போதும்."

வளையத்தை எடுத்தேன். வரைந்த கட்டங்கள் மறைந்தன. அதே இடத்தில் கம்ப்யூட்டரின் சொந்தக் கட்டங்கள், சாம்பலும் வெள்ளையுமாக, வந்து நின்றன.

"எடுக்கலையாண்ணே?"

"எடுத்துட்டேன் தாயி."

"அப்பிடியேல்ல இருக்கு!"

"எடுத்தா இப்பிடித்தான் இருக்கும். அங்கன ஒண்ணும் இல்லைன்னு மிஷின் சொல்ற பாஷை இது. போன்ல தெரியாது."

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கு அம்புட்டுப் பேரும் ஒத்துக்கிட்டது..."

"இதத்தான்."

வேல்முருகன் வலது கையில் பிடித்திருந்த டீ டம்ளர் குலுங்கிச் சட்டையெல்லாம் சிந்தியது. அவ்வளவு சிரிப்பு. மாரியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, படிப்பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"வெளிய சொல்லிராதீகண்ணே. ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சா, அது யாரு இல்லாமப் பண்ணுனதுன்னு அதுக்கொரு கூட்டம் போடுவாக."